துருக்கி மொழியில் விகுதி இடறுகிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

துருக்கி படிக்கும் நண்பர்கள் சிலர், தாங்கள் எழுதியதை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி "சரியா பாரேன்" என்பார்கள். சில வருடங்கள் திருத்திய பிறகு ஒன்று புரிந்தது. புதுப் பிழை எதுவும் வருவதில்லை, அதே ஏழெட்டுதான் ஆள் மாறி ஆள் சுற்றி வருகின்றன. அதிலும் பாதிக்கு மேல் தமிழை அப்படியே நம்பியதால் வருபவை. நம் மொழியும் விகுதிமேல் விகுதி ஒட்டும் மொழிதானே என்ற தைரியத்தில் இறங்கிவிடுகிறோம். முக்கால்வாசி இடத்தில் அந்த தைரியம் கைகொடுக்கும். காலை வாரும் இடங்கள்தான் கீழே இருக்கின்றன.

எழுத்து பற்றி ஒரு வார்த்தை. துருக்கிச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தருவதால் கொஞ்சம் நசுங்கத்தான் செய்யும். நடுவில் ஒற்றை த, ப வந்தால் மெதுவாகவும், இரட்டித்தால் அழுத்தியும் படியுங்கள். 'உ' என்று எழுதியிருப்பது நம் குற்றியலுகரம். துருக்கியில் புள்ளி இல்லாத 'இ' எழுத்து தரும் ஒலி அச்சு அசல் அதுதான். உதடு குவியும் உகரங்கள் இரண்டையும் 'ஊ' என்றே எழுதுகிறேன். துருக்கியில் 'ஆத்' என்றால் பெயர், அதோடு 'உ' சேர்ந்தால் 'அவருடைய பெயர்'. அதைச் சொல்லிப் பாருங்கள்: அது. ஆமாம், நம் 'அது' மாதிரியேதான் கேட்கும்.

எந்தப் பிழையாக இருந்தாலும் முதலில் வரிசையைப் பாருங்கள். சொல், பிறகு பன்மை, பிறகு யாருடையது என்பது, கடைசியில் வேற்றுமை. 'எவ்-லெர்-இமிஸ்-தெ' என்றால் வீடு-கள்-நம்முடைய-இல், அதாவது நம் வீடுகளில். இந்த வரிசை ஒருபோதும் மாறாது. மாற்றி ஒட்டியிருந்தால் வேறு எதையும் தேட வேண்டாம், அதுதான் கோளாறு.

## அறிகுறி 1: "வீட்டின் கதவு" என்றேன், பாதியில் நிறுத்தியது போலப் பார்க்கிறார்கள்

நீங்கள் சொன்னது பெரும்பாலும் 'எவின் கப்பு' என்றிருக்கும். (கப்பு என்றால் கதவு. சென்னைக்காரர்கள் சிரித்து முடித்ததும் தொடரலாம்.)

முதல் சந்தேகம்: கதவின்மேல் முத்திரை இல்லை. தமிழில் உடையவர்மேல் மட்டும் 'இன்' போட்டால் போதும். துருக்கியில் உடைமைப் பொருளின்மேலும் ஒன்று குத்த வேண்டும்: எவின் கப்புஸு, அதாவது வீட்டின் கதவு-அதனுடையது. மெய்யில் முடியும் சொல்லுக்கு 'இ' வகை ஒலி, உயிரில் முடிந்தால் 'ஸி' வகை ஒலி. தமிழர் செய்யும் பிழைகளில் முதலிடம் இதற்குத்தான். மூன்று வருடம் படித்தவர்கள்கூட வேகமாகப் பேசினால் இதை விட்டுவிடுகிறார்கள்.

இரண்டாவது சந்தேகம்: 'இன்' தேவையில்லாத இடத்தில் போட்டுவிட்டீர்கள். இங்கே தமிழே வழிகாட்டும். "வீட்டின் கதவு" என்று குறிப்பிட்ட வீட்டைச் சொன்னால் எவின் கப்புஸு. "வீட்டுக் கதவு" என்று கதவின் வகையைச் சொன்னால் எவ் கப்புஸு. முன்னால் இன் போய்விடும், பின்னால் ஸு நிற்கும். "இரும்புக் கதவு" என்று எதனால் ஆனது எனச் சொன்னால் தெமிர் கப்பு. இரண்டு பக்கமும் ஒன்றும் இல்லை. நடுவில் இருக்கும் இரண்டாம் வகைதான் பெயர்ப்பலகைகளில் எல்லாம் நிற்பது. கலாத்தா கூலெஸி (கலாத்தா கோபுரம்), வான் கோலூ (வான் ஏரி), இஸ்தான்பூல் ஊனிவெர்ஸித்தெஸி என்று எல்லாவற்றுக்கும் கடைசியில் அந்த வால் இருக்கும். கோபுரம் தனியாகக் 'கூலெ'தான். ஊருக்குப் போன முதல் வாரம் பலகை பலகையாக இந்த வாலைத் தேடிப் படித்தாலே பாதி நோய் குணமாகும்.

மூன்றாவது, கொஞ்சம் குழப்பமானது: "ஆனால் அவர்களே 'பிஸிம் எவ்' என்கிறார்களே?" சொல்கிறார்கள்தான். பேச்சில் 'எங்க வீடு' என்கிற தொனியில் வாலை விட்டுவிடுவது உண்டு, முக்கியமாக 'எங்கள்' வரும்போது. எழுதும்போது 'பிஸிம் எவிமிஸ்' அல்லது வெறும் 'எவிமிஸ்' என்றே எழுதுங்கள். அவர்கள் விடலாம், நீங்கள் இப்போதைக்கு விடாதீர்கள்.

## அறிகுறி 2: "அவன் வீட்டில்" என்றேன், உடனே திருத்தினார்கள்

'எவிதெ' என்று சொல்லியிருப்பீர்கள். வர வேண்டியது 'எவிந்தெ'.

காரணம் ஒன்றுதான்: 'அவனுடைய' என்ற விகுதிக்குப் பின் வேற்றுமை வந்தால் நடுவே ஒரு 'ன்' எட்டிப் பார்க்க வேண்டும். எவி, ஆனால் எவினி (அவன் வீட்டை), எவினெ (அவன் வீட்டுக்கு), எவிந்தெ (அவன் வீட்டில்), எவிந்தென் (அவன் வீட்டிலிருந்து). பள்ளிக்கூடத்தில் சாரியை என்று படித்தோமே, கிட்டத்தட்ட அதுதான். அது என்பதோடு ஐ சேர்ந்தால் அதனை என்று நடுவில் ஒரு 'அன்' வருகிறதல்லவா? துருக்கியிலும் 'அது' என்னும் 'ஓ', ஐ ஏற்கும்போது 'ஓனூ' ஆகும். 'இது' என்னும் 'பூ', 'பூனூ' ஆகும். ஏன் வருகிறது என்று கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள், வரும் அவ்வளவுதான்.

சோதனை: 'என்னுடைய' போட்டுப் பாருங்கள். எவிம்தெ (என் வீட்டில்). இங்கே ன் இல்லை. ஆக, அவன், அவள், அது, அவர்கள் என்று படர்க்கையாக இருந்தால் மட்டும் ன் வர வேண்டும்.

இது சரியாக வந்த பிறகும் ஊர்ப்பெயர்களில் மாட்டிக்கொள்வோம். ஒரு நண்பர் மினிபஸ்ஸில் உட்கார்ந்து "எமினோனூதெ இறங்கணும்" என்று துருக்கியில் கேட்டிருக்கிறார். ஓட்டுநருக்குப் புரிந்தது. ஆனால் தலையாட்டிக்கொண்டே "எமினோனூந்தெ" என்று அவர் திருப்பிச் சொன்னதில் அந்த ன் மட்டும் கொஞ்சம் அழுத்தமாக விழுந்ததாம். அந்தப் பெயருக்குள்ளேயே ஓர் உடைமை விகுதி ஒளிந்திருக்கிறது: எமின் என்ற அதிகாரியின் 'ஓனூ', அதாவது முன்புறம். பெயோலூவும் அப்படித்தான், 'பெய்' என்பவரின் 'ஓலூ', மகன். சராய்பூர்னூ என்பது அரண்மனையின் 'பூர்னூ', மூக்கு. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனையை அவர்கள் மூக்கு என்கிறார்கள். ஆகவே பெயோலூந்தா, சராய்பூர்னூந்தா. ஆனால் அங்காரா, பூர்ஸா போன்றவற்றுக்குள் எதுவும் ஒளிந்திருக்கவில்லை; அங்காராதா, பூர்ஸாதா என்றால் போதும். புது ஊர்ப்பெயர் கண்டால் கடைசித் துண்டு தனிச்சொல்லா என்று பாருங்கள். முன்புறம், மகன், மூக்கு, உள் என்று ஏதாவது அகப்பட்டால் ன் போடுங்கள்.

"வீட்டுக்கு முன்னால்", "மேசைக்கு மேலே" என்பவையும் இந்த அறிகுறியில்தான் சேரும். தமிழில் 'கு' வருவதால் துருக்கியிலும் 'கு' போட்டு 'எவெ' என்று தொடங்கிவிடுகிறோம். அங்கே வீட்டின் முன்புறத்தில் என்றுதான் சொல்வார்கள்: எவின் ஓனூந்தெ. பள்ளிக்குப் பின்னால் என்பது ஒக்கூலூன் அர்க்காஸுந்தா. முதல் அறிகுறியின் இரட்டை முத்திரையும் இந்த ன்னும் ஒரே சொல்லில் சேர்ந்து வருவதால் பிழையும் இரட்டிப்பாகும். இந்த இரண்டு வாக்கியங்களையும் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்துவிடுங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

கடைசியாக ஒரு சந்தேகம்: நீங்கள் படிப்பது துருக்கிதானா? சமர்க்கந்தில் மருத்துவம் படிக்கும் தம்பி ஒருவருக்கு இந்த ன்னைப் போட்டுத் திருத்தி அனுப்பினேன். அவர் ஆசிரியர் அதை அடித்துவிட்டார். உஸ்பெக்கில் 'உயிதா' (அவன் வீட்டில்) என்பதே சரி, நடுவில் ன் வராது. கசாக்கிலும் கிர்கிஸ்ஸிலும் வரும். அஜர்பைஜானில் இன்னொரு திருப்பம்: 'கதவை' என்பதற்குத் துருக்கியில் 'கப்புயு' என்றால், அங்கே 'கப்புனு'. உறவுக்கார மொழிகள்தான், ஆனால் ஒன்றின் உதிரிப் பாகத்தை இன்னொன்றில் பொருத்தக் கூடாது.

## அறிகுறி 3: வால்மேல் வால் வளர்ந்துவிட்டது

'என் பல் துலக்கி' என்பதற்கு 'திஷ் ஃபுர்ச்சாஸும்' என்று எழுதுவார்கள். பல் துலக்கி ஏற்கெனவே 'திஷ் ஃபுர்ச்சாஸு' என்று வாலோடு இருப்பதால் வரும் வினை. ஒரு சொல்லில் உடைமை விகுதி ஒன்றுதான் உட்கார முடியும். 'என்னுடைய' வந்தால் பழைய வால் எழுந்து இடம் விட வேண்டும்: திஷ் ஃபுர்ச்சாம். பன்மைக்கும் இதே கதைதான், லெர் உள்ளே போகும், வால் கடைசியில் நிற்கும்.

படிவங்களில் இது அடிக்கடி மாட்டும். 'பாபா அது' என்றால் தந்தை பெயர். அலுவலகத்தில் கேட்கும்போது 'பாபா அதுனுஸ்?' என்பார்கள், உங்கள் தந்தை பெயர். பதிலில் "என் அப்பாவின் பெயர்" என்று சொல்ல 'பாபாமுன் அது' என்றால் சரி. 'பாபாம் அதும்' என்று இரண்டிலும் 'என்' ஒட்டினால் "என் அப்பா, என் பெயர்" என்று ஆகிவிடும்.

## அறிகுறி 4: "என்னிடம் இருக்கிறது" சரியாகப் போகவில்லை

தமிழில் "எனக்கு ஒரு தம்பி உண்டு", "என்னிடம் கார் இருக்கிறது" என்று இரண்டு விதம். இரண்டையும் அப்படியே மாற்றிப் பார்க்கிறோம். 'பானா கர்தெஷ் வார்' (எனக்குத் தம்பி உண்டு) சுத்தமாக எடுபடாது. 'பெந்தெ அரபா வார்' (என்னிடம் கார் இருக்கிறது) புரியும், ஆனால் "கார் இப்போது என் வசம் இருக்கு" என்ற அர்த்தத்தில். பேனா இரவல் கேட்டால் 'பெந்தெ வார்' சரி. சொந்தமாக இருப்பதற்கு எப்போதும் உடைமை விகுதி: அரபாம் வார், கர்தெஷிம் வார். "என் கார் உண்டு, என் தம்பி உண்டு" என்பதுதான் அவர்கள் பேச்சு. இல்லை என்றால் வார் இருக்கும் இடத்தில் யொக்.

## அறிகுறி 5: 'ஐ' போட்டால் தப்பு, போடாவிட்டாலும் தப்பு

இதில் தமிழர் கொடுத்துவைத்தவர்கள். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் மாதக்கணக்கில் திணறும் இடம் இது. நமக்குப் "புத்தகம் படித்தேன்", "புத்தகத்தைப் படித்தேன்" இரண்டுக்கும் வித்தியாசம் தானாகவே தெரியும். துருக்கியிலும் அப்படியே: கித்தாப் ஒக்கூதூம், கித்தாபு ஒக்கூதூம். சந்தேகம் வந்தால் தமிழில் சொல்லிப் பாருங்கள், ஐ வந்தால் போடுங்கள்.

விதிவிலக்கு மனிதர்கள். தமிழில் ஆளைச் சொன்னால் ஐ வந்தே தீரும். "ஒரு பையன் பார்த்தேன்" என்று நாம் சொல்லவே மாட்டோம், "பையனைப் பார்த்தேன்" என்போம். துருக்கியில் யாரோ ஒரு பையன் என்றால் ஐ இல்லாமலே போகும்: பிர் சோஜூக் கோர்தூம். நன்றாகப் பேசுகிறவர்கள்கூட இங்கே வழுக்கி விழுவார்கள், ஏனென்றால் மற்ற இடமெல்லாம் தமிழ்ச் சோதனை பலித்துக்கொண்டே வந்திருக்கும். பெயர் சொல்லியோ, தெரிந்த ஆளாகவோ இருந்தால் மட்டும் மறுபடி ஐ.

## அறிகுறி 6: விகுதி எல்லாம் சரி, ஆனாலும் வாக்கியம் ஒட்டவில்லை

வினைச்சொல் வேறு வேற்றுமையைக் கேட்கிறது. இதற்குக் குறுக்கு வழி கிடையாது. வினையைக் கற்கும்போதே அது எந்த விகுதியைக் கேட்கும் என்று சேர்த்துக் கற்க வேண்டும். என்னிடம் வரும் வாக்கியங்களில் திரும்பத் திரும்பக் கெடுபவை இவை:

பஸ்ஸில் ஏறினேன் என்போம். அவர்கள் பஸ்ஸுக்கு ஏறுவார்கள்: ஒத்தொபூஸெ பிந்திம். பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறேன் என்போம், அவர்கள் பஸ்ஸைக் காத்திருப்பார்கள்: ஒத்தொபூஸூ பெக்லியொரூம். 'என்னைப் பார்' என்பது 'பானா பாக்', எனக்குப் பார். ஆசிரியரிடம் கேட்டேன் என்பது 'ஓரெத்மெனெ ஸோர்தூம்', ஆசிரியருக்குக் கேட்டேன். வேலையை ஆரம்பித்தேன் என்பது 'இஷெ பாஷ்லாதும்', வேலைக்கு ஆரம்பித்தேன். நாய்க்குப் பயம் என்றால் அவர்களுக்கு நாயிலிருந்து பயம்: கோப்பெக்தென் கோர்க்கூயொரூம். உதவி செய்வது மட்டும் நல்லவேளையாக நம்மைப் போலவே, அம்மாவுக்குத்தான்.

## அறிகுறி 7: விகுதி சரி, ஒலி சரியில்லை

எளிதிலிருந்து போவோம்.

உயிரும் உயிரும் முட்டுகிறதா? நடுவில் ய் போடுங்கள். 'கெதி' (பூனை) என்பதோடு ஐ சேர்ந்தால் கெதியி. நம் உடம்படுமெய்தான், புதிதாகக் கற்க ஒன்றும் இல்லை. 'அதன் பூனையை' என்றால் கெதிஸினி. அங்கே ஸும் ன்னும் ஏற்கெனவே இருப்பதால் ய் வேண்டாம்.

உயிரொலி பொருந்தவில்லையா? சொல்லின் கடைசி உயிரை மட்டும் பாருங்கள். அது ஆ அல்லது குற்றியலுகரம் என்றால் விகுதியில் உ. எ, இ என்றால் இ. உதடு குவிந்திருந்தால் விகுதியிலும் குவியும். 'இல்', 'கு' போன்றவற்றில் இன்னும் எளிது, ஆவா எவா என்று இரண்டே தேர்வு. 'ஸாத்' (மணி, கடிகாரம்) போன்ற சில இரவல் சொற்கள் மட்டும் முரண்டுபிடிக்கும். ஸாத்து என்று வர வேண்டியது ஸாத்தி என்றுதான் வரும். அவற்றை அகராதியில் பார்த்துக் குறித்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

கடைசி மெய் மெலியவில்லையா? கித்தாப், கித்தாபு. பேசும்போது இது தமிழ் வாய்க்கு இயல்பு. நாமும் நடுவில் வரும் ப-வை மெலிதாகத்தானே சொல்கிறோம். எழுதும்போதுதான் வேறு எழுத்து போட மறக்கிறோம். ஓரசைச் சொற்கள் பெரும்பாலும் மெலியாது.

நடு உயிர் விழவில்லையா? பூரூன் என்றால் மூக்கு, பூர்னூ என்றால் அவன் மூக்கு. இஸிம் என்றால் பெயர், இஸ்மி என்றால் அவன் பெயர். உடல் உறுப்புகளிலும் அரபியிலிருந்து வந்த சொற்களிலும் இது அடிக்கடி வரும்.

எல்லாம் சரிபார்த்தும் 'ஸூ' (தண்ணீர்) மட்டும் உதைக்கிறதா? அது விதிக்கு அடங்காத ஒன்று. அதன் தண்ணீர் என்பது ஸூயூ. விதிப்படி 'ஸூஸூ' என்று சொன்னால் துருக்கியர் முழிப்பார்கள், வீட்டில் சின்னக் குழந்தை இருக்கும் தமிழர்தான் சிரிப்பார்கள்.

எழுத்தில் இன்னொன்று: ஆள்பெயர், ஊர்ப்பெயருக்குப் பின் விகுதி வந்தால் மேலே ஒற்றைக் குறி போட்டுப் பிரிப்பார்கள், அங்காரா'தா என்று. நிறுவனப் பெயர்களுக்கு அந்தக் குறி வேண்டாம் என்பது துருக்கி மொழிக் கழகத்தின் விதி. துருக்கியர்களே பாதிப் பேர் மாற்றி எழுதுவார்கள், அதனால் இதற்காகத் தூக்கம் கெட வேண்டாம்.

## அறிகுறி போலத் தெரியும், ஆனால் பழுது இல்லை

'எவின்' என்றால் வீட்டின், உன் வீடு, இரண்டும்தான். 'எவி' என்றால் வீட்டை, அவன் வீடு. 'எவினி' என்றால் உன் வீட்டை, அவன் வீட்டை. 'எவ்லெரி' இன்னும் மோசம்: அவர்கள் வீடு, அவர்கள் வீடுகள், அவன் வீடுகள், வீடுகளை. மொழியே இப்படித்தான், அதைத் திருத்தப் போகாதீர்கள். குழப்பம் வரும் என்று தோன்றினால் முன்னால் ஸெனின் (உன்), ஓனூன் (அவன்) என்று ஒரு சொல் சேருங்கள், போதும்.

## எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்

பேச்சு, குறுஞ்செய்தி, கடைக்குப் போவது இவற்றுக்கெல்லாம் மேலே சொன்னது போதும். தப்பாகச் சொன்னாலும் அவர்களே திருத்திக் கொடுப்பார்கள். ஒரே பிழை மூன்று மாதமாக விடாமல் வருகிறது என்றால், துருக்கியைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவரோடு வாரம் ஒரு மணி நேரம் பேசுங்கள். விதி தெரிந்தும் வாய்க்கு வரவில்லை என்பதே அதற்கு அர்த்தம், இன்னொரு இலக்கணப் புத்தகம் வாங்கிப் பயனில்லை.

வாடகை ஒப்பந்தம், பிறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவு என்று காகிதம் வந்துவிட்டால் நீங்களே மொழிபெயர்க்காதீர்கள். அங்கே 'யெமின்லி தெர்ஜூமான்' என்று உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார். அவர் செய்து கையெழுத்திட்டதை 'நொத்தெர்' எனப்படும் நோட்டரியிடம் கொண்டுபோய் முத்திரை வாங்க வேண்டும். அவரிடம் கொடுத்த பிறகும் ஒரு வேலை உங்களுடையது. துருக்கியில் 1934-ல் குடும்பப் பெயர்ச் சட்டம் வந்ததிலிருந்து படிவத்தில் ஆத், ஸோயாத் என்று இரண்டு கட்டம் கண்டிப்பாக இருக்கும். இனிஷியலோடு வாழும் நமக்கு அந்த இரண்டாவது கட்டத்தில் பெரும்பாலும் அப்பா பெயர்தான் போய் உட்காரும். "முருகனின் மகன்" என்பது துருக்கியில் 'முருகன்'உன் ஓலூ' என்று வரும்போது அந்த உன் பெயரோடு ஒட்டிக்கொண்டு அடுத்த காகிதத்தில் 'முருகனுன்' என்று இறங்கிவிடும் ஆபத்து உண்டு. கையெழுத்துப் போடும் முன் பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துப் பெயர்களை மட்டும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுவிடுங்கள்.